மாப்பிள்ளைக்குப் போட்ட பாஸ்

ஊருக்குள் கிளட்ச் மாமா என்றால்தான் அவரைத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். வந்தவர்கள் தலையில் குட்டிக் குட்டியே பாதி ஊருக்கு வண்டி ஓட்டப் பழக்கிவிட்டார். அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் யாரும் கிடையாது.

போர் அறிவித்ததும் அவரை மைதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். படைக்கு எடுத்த ஆட்களில் யாருக்கு லாரி ஓட்ட வரும் என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வரும் என்றால் லாரி, வராது என்றால் துப்பாக்கி. துப்பாக்கிக்காரன் முன்னால் நிற்பான், லாரிக்காரன் பத்திரமாகப் பின்னால் இருப்பான் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மகளிடமும் அப்படியே சொல்லி வைத்தார். ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனிதர், தான் போய் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாரா என்ன?

மறுநாள் வரிசையில் மாப்பிள்ளையே வந்து நின்றார். மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துணிக்கடையில் வேலை. தங்கமான பிள்ளை, ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெடவெடக்கும்.

"மாமா, எனக்கு ரிவர்ஸ் சுத்தமா வராது. உங்களுக்கே தெரியும்."

"வாய மூடிக்கிட்டு ஏறுங்க, மாப்ள."

லாரி பின்னால் போய் இரண்டு டிரம்களைச் சாய்த்தது. மாமா கூசாமல் பாஸ் போட்டார். வேறு எவனாவது இப்படி ஓட்டியிருந்தால் மண்டை வீங்கியிருக்கும்.

சாயங்காலமே பாஸானவர்களை லாரியில் ஏற்றினார்கள். மாமா அதிகாரியிடம் ஓடினார்.

"இப்பவேவா சார்? எங்க போறாங்க?"

"சண்டை நடக்கற இடத்துக்குத்தான். குண்டு கொண்டுபோய்ச் சேர்க்க வேணாமா? டிரைவருங்கதான் முதல்ல."

"அப்ப பெயிலானவங்க?"

"அவங்களுக்குச் சுடவே தெரியாதே. ஆறு மாசம் இங்கயே பயிற்சி."

மாமா அதிகாரியை மறித்து நின்றார். "சார், அந்தத் துணிக்கடைப் பையனுக்கு ஓட்டத் தெரியாது சார். என் மாப்ள. நான் பொய் சொல்லிட்டேன்."

"மாமனாருன்னா இப்ப இதத்தான் சொல்லுவீங்க. தள்ளி நில்லுங்க பெரியவரே."

லாரிகள் போய்விட்டன. வீட்டு வாசலிலேயே மகள் காத்திருந்தாள்.

"அப்பா, அவரு பாஸா?"

"பாஸும்மா."

"அப்பாடா!" அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் அங்க இல்லேன்னா அவரு கதி என்னப்பா ஆயிருக்கும்?"

அவர் கையை உருவிக்கொண்டார்.

"இங்கயே இருந்திருப்பாரும்மா" என்றார்.