குண்டக்காவின் ஈயச் சட்டி

செய்தித்தாளிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, உருகிய ஈயத்தின் மேல் ஒரு நொடி படவிட்டு எடுக்கிறார் குண்டக்கா. தாள் பழுப்பேறினால் சூடு சரி. கருகிச் சுருண்டால் அதிகம். "கருகுச்சுன்னா இதுக்குத் திமிரு ஏறிடுச்சுன்னு அர்த்தம்" என்று சட்டியை முறைக்கிறார். பக்கத்திலேயே சூட்டை அளந்து அடுப்பைத் தானே அணைக்கும், சிவப்பு எண்கள் ஒளிரும் கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறது. அவர் கையாலேயே கட்டிய பெட்டிதான். ஆனாலும் அது சொல்வதை ஒரு முறை விசாரிக்காமல் விடமாட்டார்.

மீன்வலைகளுக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுப்பவர் என்பதால் குண்டக்கா. ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுவார். வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை. அதற்குள் போகத் தனி உடுப்பு, தலைக்கு இரண்டு சுற்றுத் துணி. உள்ளே தண்ணீர்ச் செம்பு கூடாது, வெற்றுக் காலோடு யாரும் கூடாது. மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு நானும் இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவன். ஒரு முறை வியர்த்து வழிய எட்டிப் பார்த்தேன். "முதல்ல மூஞ்சியைத் துடை தம்பி. ஒரு சொட்டு உள்ள விழுந்தா போதும், ஈயம் எகிறி உன் கன்னத்துல வந்து உக்காந்துக்கும்" என்றார். அன்றிலிருந்து துண்டோடுதான் போகிறேன்.

முன்பெல்லாம் ஈயம் வார்த்தவர் அவர் கணவர். அண்ணனுக்கு அவசரம் அதிகம். கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு, ஈயம் தண்ணீராய் ஓடினால்தான் அச்சு சீக்கிரம் நிரம்பும் என்று புகையப் புகைய வார்த்திருக்கிறார். ஒரு நாள் கரண்டியைத் தூக்கப் போனபோது மணிக்கட்டு எழும்பவில்லை. இரண்டு கையும் வாடிய தண்டுபோலத் தொங்கிவிட்டன. இரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது, இனிமேல் புகை பட்டால் கை திரும்பவே திரும்பாது, ஒதுங்கி இருந்தால் மெல்ல மெல்லத் தேறும் என்றார் டாக்டர். அண்ணனை முற்றத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார் அக்கா. கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இந்தச் சட்டியை இறக்கினால் சமையலறையில் வேறு சட்டி ஏறாது.

சூடு மீறிப் புகையக் கூடாது என்றுதான் கன்ட்ரோலர் வாங்கக் கிளம்பினார். கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினாராம். "அது குளிக்கிற வெந்நீருக்கு உள்ளது தம்பி. என் சட்டிக்கு அது பல்லு விளக்கக்கூடக் காணாது." திரும்பி வரும்போது எண் காட்டும் கருவி, ஈயத்துக்குள் நிற்கும் சென்சார் குச்சி, மின் அடுப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன் ஃபேன் கம்பெனியில் வயரிங் பார்த்தவர். பழைய டூல் பெட்டியில் எல்லாவற்றையும் பொருத்தி, "சிவப்பு பிளஸ், அவ்வளவுதானே?" என்று திருகாணியை முறுக்கினார். வேடிக்கை பார்த்த நானும் தலையாட்டினேன். அடுப்பின் மெயின் சுவிட்சை மட்டும் எவர் கையும் தவறிப் படாதபடி தலைக்கு மேல் சுவரில் அறைந்தார்.

முதல் சோதனை நாளில் எண்ணைப் படிப்பது என் வேலை. அக்கா முதுகைக் காட்டியபடி, ஈயம் ஒட்டாமலிருக்க மெழுகுவத்திப் புகையில் அச்சைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு" என்றேன்.

"ஏறுதா?"

"இறங்குதுக்கா."

"அடுப்புல வச்சது எங்கயாவது இறங்குமா? கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாரு."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போயிருந்தது. அடுப்பின் விளக்கோ அணையாமல் எரிந்தது. பெட்டிக்குக் குளிர், அது இன்னும் சூடு வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. "புதுசுல்ல, கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்று அக்கா பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். பிடித்தால் குரங்குப் பிடி. அணைத்துவிடலாமே என்று நான் இரண்டு முறை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈயக் கட்டிகள் சரிந்தன, உருகின, வெள்ளிபோல மின்னின. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

முற்றத்திலிருந்து அண்ணன் கத்தினார். "ஏய், நிறம் மாறுது! ஈயத்து மேல நீலம் ஓடுது பாரு, சூடு மீறிடுச்சு! அணைச்சுத் தொலை!"

அக்கா நிமிர்வதற்குள் அவர் முற்றத்தைக் கடந்து உள்ளே வந்துவிட்டார். சட்டியின் மேல் மெல்லிசாகப் புகை படர்ந்திருந்தது. சுவிட்சின் பிடியை எட்டிப் பிடித்தார். கை துவண்டு வழுக்கியது. இரண்டாம் முறை எம்பி, முழங்கையால் ஓங்கி ஒரு இடி. விளக்கு அணைந்தது. பக்கத்தில் நின்ற நான் கையைத் தூக்கக்கூட இல்லை.

"வெளிய போங்க! நேத்துதானே ஒரு விரலு அசையுதுன்னீங்க!" அக்காவின் குரல் கிழிந்தது. அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார், தேய்த்தார். அழுகிறாரா திட்டுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. அண்ணன் குழந்தைபோல முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

தப்பு என்ன என்பது மறுநாள் தெரிந்தது. மற்ற எங்கும் சிவப்புக் கம்பி பிளஸ். அவர் வாங்கி வந்த சென்சாருக்குச் சிவப்புதான் மைனஸ். கம்பி மாறியதால் சட்டி சுடச் சுட, எண் இறங்கியிருக்கிறது. "ஃபேன் புத்தியை ஈயத்துக்கிட்ட காட்டிட்டேன்" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டினார்.

மறுபடி சுவிட்சைப் போட்டார். அக்கா சுவிட்சின் பிடியை விடவேயில்லை. எண் ஏறியது. முந்நூற்று இருபத்தேழில் வந்து அசையாமல் நின்றது. நான் பதறினேன். "பயப்படாதே, உருகுது. உருகி முடியிற வரைக்கும் நிக்கும்" என்றார் அண்ணன் முற்றத்திலிருந்து. பிறகு மறுபடி ஏறி, அக்கா குறித்து வைத்திருந்த முந்நூற்று எழுபதில் விளக்கு அணைந்தது. ஆனால் எண் நிற்கவில்லை. எழுபத்தைந்து. எண்பது. அக்காவின் உதடு உலர்ந்திருந்தது. எண்பத்தெட்டில் ஒரு கணம் தயங்கி, எண்பத்தேழு ஆனது. தாள் துண்டைப் படவிட்டுப் பார்த்தார். பழுப்பு.

நான் கைதட்டினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டி ஆறும்வரை பொறுத்திருந்தார். பிறகு வீட்டுக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்தி, சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கழற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தார், பின்னால் வயரை இழுத்தபடி.

"என்ன பண்றே?" என்றார் அண்ணன்.

"பெட்டி மறுபடி பொய் சொன்னா? நான் அச்சுல குனிஞ்சிருப்பேன். தம்பி அழகு பாத்துக்கிட்டு நிக்கும். பேசாம உக்காருங்க."

அவருடைய துவண்ட கையை மடக்கி, முழங்கையை நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தார். அது பட்ட இடத்தில் சாக்கட்டியால் சுவிட்சுக்கு ஒரு கோடு போட்டார்.