விளங்கேல்லை என்ற சொல்லும் கண்மாய் மீனும்

இங்கே மீனைக் குடத்தில் கொண்டுவந்து தண்ணீருக்குள் விடுகிறார்கள். விரல் நீளக் குஞ்சாக விட்டுவிட்டு, வளர்ந்த பிறகு அது எங்கே போனது என்று கரையில் நின்று தலையைச் சொறிகிறார்கள். திருவாதவூர்ப் பக்கம் வந்த புதிதில் இதைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் மன்னார்க் கரையில் வலைக்குள் வரும்வரை மீன் யாருக்கும் சொந்தமில்லை. இங்கே நீந்திக்கொண்டிருக்கும்போதே அதற்கு ஒரு குத்தகைக்காரர் இருக்கிறார். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், கண்மாய் என்றால் நம்முடைய குளம்தான். கோடையில் மாடு மேயும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மறுகரையில் நிற்கும் ஆள் பனையா மனிதனா என்று தெரியாத அளவுக்கு விரிந்துவிடும்.

நாங்கள் அகதியாக வந்து இறங்கிய தொண்ணூறுகளில், முகாமிலிருந்து வேலைக்குப் போகும் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கத்தான் போவார்கள். நான் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலின் புதுவீட்டுக்குப் போனேன். மூன்று மாடிக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். இரவில் நடுக்கடலில் படகு ஆடியபோது பயப்படாத எனக்கு அந்த மூங்கிலில் ஏறினால் பிடித்த பிடியை விட முடியாது. கயிறு அவிழுமா, பலகை முறியுமா, விழுந்தால் மனிசியையும் மகளையும் யார் பார்ப்பார்கள் என்று யோசித்தபடியே நான் ஒரு சுவரை முடிக்கும்போது மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். "அண்ணே, செவத்துக்குத்தான் பெயிண்டு. மூங்கிலக் கட்டிப்பிடிக்கவா உங்களுக்குச் சம்பளம்?" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கீழே குனிந்து பார்க்கக்கூட முடியாது.

அந்த நேரத்தில்தான் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த கருப்பையா அண்ணன் தேநீர்க் கடையில் என்னைப் பிடித்தார். தண்ணீர் ஏறியதிலிருந்து அவருக்கு மீன் அகப்படவே இல்லை. "நீங்க கடல்காரரு. ஒரு நா வந்து பாருங்க. மீனு சிக்கிருச்சுன்னா சீசன் முடியிற மட்டும் நம்ம கூடவே இருங்க" என்றார். சாரத்திலிருந்து இறங்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அது. வீட்டில் சொன்னபோது மனிசி ஒன்றுதான் சொன்னாள்: "போங்கோ. ஆனா அங்க வாயைத் திறவாதேங்கோ."

திறந்தேன். விடியற்காலையில் கரையில் கருப்பையா அண்ணன் கற்பூரம் ஏற்றி வலையைக் கும்பிட்டார். அவருடைய மச்சினன் மலைச்சாமி, எங்கே எப்படி வலை இறக்கப்போகிறோம் என்று எனக்குச் சொன்னான். மடை, மறுகால், உள்வாய் என்று அவன் வேகத்துக்கு ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அண்ணை" என்றேன்.

மலைச்சாமி கருப்பையா அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, கற்பூரம் இன்னும் அணையல. வெளங்கலைங்கிறாரு."

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் நான் நிறையக் கதைப்பேன். "ஐயோ, அப்பிடி இல்லை. வலையைப் பற்றி ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ எண்டுதான்..."

"இப்பப் படுத்துரும்ங்கிறாரு."

இந்த ஊரில் ஒருவனைச் சபிக்க வேண்டுமானால் 'நீ வெளங்கவே மாட்ட' என்பார்கள். தொழில் நொடித்துப் போனால் 'படுத்துருச்சு' என்பார்கள். எனக்கு அதெல்லாம் பிறகுதான் தெரியும். புரியவில்லை, புரியவையுங்கள் என்று கேட்ட நான், வலை இறங்குமுன்னே அந்தத் தொழிலை இரண்டு தடவை சபித்தவனாகிவிட்டேன். ஒரே தமிழ் என்று சொல்லித்தானே எங்களை இங்கே கூட்டி வந்தார்கள்.

வலையை அடியோடு இறக்கி இழுத்தார்கள். சேறும் ஆகாயத்தாமரையும்தான் வந்தன. "சொன்னேன்ல. வாய் முகூர்த்தம்" என்றான் மலைச்சாமி. கருப்பையா அண்ணன் என்னைத் தள்ளிப் போய் உட்காரச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

கரையில் தனியாக உட்கார்ந்து நாளைக்கு எந்தச் சுவர் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் "விளங்குதோ?" என்று கேட்பார். விளங்கேல்லை என்று சொல்லப் பயந்து ஓம் ஓம் என்று தலையாட்டியே நான் பள்ளிக்கூடத்தை விட்டவன். வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து அந்தச் சொல்லைச் சொன்னேன். அது இங்கே கொண்டுவந்து விட்டது.

முதல்நாள் மழைக்கு நனைந்திருந்த கரையில் வெயில் பட்டதும் ஈசல் கிளம்பியது. புற்றிலிருந்து புகைபோல எழுந்து, காற்றில் தள்ளுப்பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அங்கே சின்னச் சின்ன வளையங்கள். எங்கள் ஊர்க் கடலில் முரல் மீன் மேலால் ஓடும்போது தண்ணீர் ஊசியால் கீறியதுபோல இருக்கும். இது அப்படி இல்லை. அதனால் தவளையோ என்று சந்தேகம். மறுபடி தப்பாகப் போனால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வளையத்துக்குள் வெள்ளையாக ஒரு வாய் வந்து ஈசலை உறிஞ்சிக்கொண்டு போயிற்று. கட்லா. தண்ணீர் நிறைந்ததும் மேலே ஏறி மேய்கிறது. இவர்கள் கோடைப் பழக்கத்தில் அடியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

கத்த வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஓடிப்போய் மலைச்சாமியின் தோளைத் தட்டி, வளையங்களைக் காட்டினேன். வலையின் ஈயக்குண்டுகளைத் தொட்டு, கழற்று என்று சைகை காட்டினேன். வலை மேலாக மிதக்கட்டும் என்று உள்ளங்கையை உயர்த்தினேன்.

"என்னண்ணே, ஊமையாயிட்டீகளா?"

தலையாட்டினேன். கருப்பையா அண்ணன் சிரித்துவிட்டார். "மாப்ள, அவரு சொல்றபடி செய்டா. வாயத் தொறக்காம சொன்னா நல்லாத்தான் சொல்றாரு."

ஈயம் இல்லாத வலையை லாரி டியூப்பில் படுத்துத் தள்ளிக்கொண்டு போய் வளையங்களைச் சுற்றி விட்டோம். மிதப்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே அமுங்கத் தொடங்கின. "எம்புட்டு மீனு பாரு மாமா" என்று மலைச்சாமி இழுத்துக்கொண்டே இருந்தான். கை வலித்த பிறகும் விடவில்லை.

சீசன் முழுக்க இருக்கச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, கற்பூரம் ஏற்றியதிலிருந்து வலை கரை ஏறும்வரை நான் பேசக்கூடாது. "கோச்சுக்கிறாதீங்கண்ணே, ராசி அப்புடி" என்றார் கருப்பையா அண்ணன். சாரத்தை நினைத்து ஓம் என்றேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மந்திரம் என்று நினைத்திருப்பார்கள். அதன்பிறகு 'ஓம்' சொல்வதையும் விட்டுவிட்டேன்.

வீட்டிலும் விளங்கேல்லை என்ற சொல் குறைந்துவருகிறது. நான் ஏதாவது சொன்னால் மகள் பள்ளிக்கூடத்துத் தமிழில், "புரியலப்பா" என்கிறாள். மனிசி என்னைப் பார்க்கிறாள். நான் மனிசியைப் பார்க்கிறேன்.

காலையில் டியூப்பில் வயிற்றை வைத்து நடுக் கண்மாய்க்குப் போகிறேன். இரண்டு காலும் இவர்கள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. சுற்றிலும் கட்லாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கரையிலிருந்து மலைச்சாமி என்னமோ கத்துகிறான். எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டுகிறேன்.