ஞானாபரணமும் ஐந்து இருபது பஸ்ஸும்

மீட்டர் பெட்டியை மூடியதும் ஞானாபரணம் அதைப் பார்த்து, "ரொம்ப சந்தோசமுங்க" என்கிறார். வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறார் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை, மீட்டருக்குத்தான் சொல்கிறார். பிறகு தண்ணீர்ச் சொம்போடு வந்த அம்மணிக்கு ஒரு சந்தோசம், குரைக்காமல் விட்ட நாய்க்கு ஒரு சந்தோசம், வாசலில் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்ட எருமைக்கு ஒரு சந்தோசம். இருபத்தாறு வருடமாகக் கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கரண்ட் கணக்கு எடுக்கிறவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் அட்டையில் எழுதிவிட்டுப் போகும் எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காத வீடு கிடையாது. அந்தச் சுளிப்புக்கும் ஒரு சந்தோசம் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

வண்டி ஒரு பழைய டி.வி.எஸ். ஐம்பது. தோளில் காக்கிப் பை, கையில் முழ நீளக் குச்சி. குச்சி நாய்க்கு அல்ல, மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டும் குளவிக்கு. ஆள் ஒல்லி. ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்து வேலியோரம் தள்ளிவிடும் என்பதால், அந்த ஒரு மாதம் மட்டும் பையில் இரண்டு செங்கல் போட்டுக்கொள்கிறார். "அதுக்கு ஒரு வேளை கூடச் சாப்பிடலாமல்ல?" என்று மனைவி ரூத் வருடம் தவறாமல் கேட்கிறார். வருடம் தவறாமல் செங்கல்தான் ஜெயிக்கிறது.

யார் வீட்டிலும் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டார். "சர்க்கார் வேலைங்க. மோருக்கு மயங்கி ரெண்டு யூனிட்டைக் கொறச்சுப்போட்டா யாரு பதில் சொல்றது?" என்பார். அப்படிக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் யாருமில்லை. குறையைச் சொல்லிக் கேட்கிற பழக்கமே அந்தப் பக்கத்து மனிதர்களுக்குக் கிடையாது. மனிதர்களிடம் எதைக் கேட்டாலும் 'ஒண்ணும் கொறையில்லீங்க' என்றுதான் சொல்வார்கள், மீட்டர் மட்டுந்தான் உள்ளதைச் சொல்லும் என்பது அவருடைய அனுபவம்.

அந்த அனுபவம் போன வருடம், தொண்ணூற்றைந்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது.

ஊருக்கு வெளியே ரோட்டோரமாக இருக்கிற மேல்நிலைப்பள்ளிக்கு ரீடிங் எடுக்கப் போயிருந்தார். வராந்தாவில் பூகோளம் நடத்தும் ஜோவிதா டீச்சரும் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் இதுதான். ப்ளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு இல்லை. அந்தச் சுதந்திரத்தில் டீச்சர், "உங்க ஊர்ல ஒரு பிரச்சினைய எடுங்க, நீங்களே விசாரிங்க, நீங்களே அதை மாத்தப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பெண்கள் படித்தார்கள், ப்ளஸ் ஒன்னில் பன்னிரண்டு பேர்தான் மிச்சம், மற்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கேள்வித்தாள் தயாரித்து அறுபது வீடு ஏறி இறங்கினார்கள். அறுபது வீட்டிலும் ஒரே பதில்: "பிள்ளைக்கே இஷ்டமில்லீங்க. வேறொரு கொறையும் இல்லீங்க." கூடவே மோர், கொய்யாப்பழம், இளநீர்.

"வயிறுதானுங்க ரொம்புச்சு, தாளு ரொம்பல" என்றான் அருள்குமார். கையில் பெரிய வாட்ச் கட்டிய பையன், அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவான்.

ஞானாபரணம் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு, சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. ஊடு தேடி வந்த பிள்ளைககிட்ட யாராச்சும் சொந்தக் கொறையச் சொல்லுவாங்களா? வந்தவங்க மனசு சங்கடப்படுமல்லங்க? அதனால அவங்களப் பத்தி அவங்ககிட்டயே கேக்காதீங்க. பக்கத்து ஊட்டுப் பொண்ணு எதுக்கு நின்னுபோட்டான்னு கேளுங்க. அடுத்தவங்களுக்குன்னா எல்லாஞ் சொல்லுவாங்க."

லோகப்பிரியா என்ற பெண் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். கல்லாங்காட்டுப்புதூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நஞ்சுண்டன் மகள். அந்த ஊரிலிருந்து மேலே படிக்க வந்த ஒரே பெண். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அறுபது வீடு. இந்தத் தடவை தாள் நிரம்பியது. பக்கத்து வீட்டுப் பெண் பஸ் இல்லாமல் நின்றாள், எதிர் வீட்டுப் பெண் பஸ் நிற்காமல் நின்றாள், பின் வீட்டுப் பெண் இருட்டில் நடக்க பயந்து நின்றாள். பொள்ளாச்சியிலிருந்து வந்து அந்த ஊர்களைச் சுற்றித் திரும்பும் டவுன் பஸ், சாயங்காலம் ஐந்து இருபதுக்குப் பள்ளியைத் தாண்டும். நிற்காது. பஸ் பாஸ் காட்டும் பிள்ளைக் கூட்டத்தை ஏற்றினால் நேரத்துக்குப் போகமுடியாது என்பது டிரைவர்கள் சொல்லும் காரணம். அதை விட்டால் கல்லாங்காட்டுப்புதூருக்கு ஐந்து கிலோமீட்டர் நடை.

பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். தினமும் ஐந்து மணியிலிருந்து அருள்குமார் வாட்ச்சோடு கேட்டில் நிற்பான். வந்த நேரம், நின்றதா, எத்தனை பேர் ஏறாமல் விடுபட்டார்கள் என்று லோகப்பிரியா எழுதுவாள். ஞானாபரணமும் வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் அவர்களோடு நிற்பார். தனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஐந்து நிமிடம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிடித்திருந்ததால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். பஸ் கிளை மேலாளரின் வீடு அவருடைய லைனில் இருந்தது. ரீடிங் எடுத்த கையோடு, "பிள்ளைக பாவமுங்க, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார். மறுநாள் பஸ் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் நின்றபோது ஞானாபரணம் வேறு வேலையிருப்பது போல வானத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நின்றார். நான்காம் நாள் டிரைவர் மாறினார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

தான் சொல்லித்தான் நின்றது என்பதை அப்போது அவரே உளறிவிட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் நின்றதென்று நோட்டில் ஏறிவிட்டதே, இனி யாரிடம் போனாலும் 'அதான் நிக்குதே' என்று சொல்லிவிடமாட்டார்களா? லோகப்பிரியாதான் பேசினாள். கோபம் குரலில் இல்லை, கண்ணில் இருந்தது.

"நீங்க எங்களுக்காகப் பேசுனது ரொம்ப சந்தோசமுங்க. இனிமே பேசாதீங்க."

அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட ரூத், "உங்க வாய்க்கும் ஒரு மீட்டரு மாட்டோணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் கல்லாங்காட்டுப்புதூர் முறை. நஞ்சுண்டன் வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டு, சும்மா கேட்பதுபோல, "பொண்ணு படிப்பெல்லாம் எப்படிங்க?" என்றார். நஞ்சுண்டன் அதிகம் பேசாத மனிதர். தலையில் கட்டிய உருமாலைச் சரிசெய்துகொண்டு, "அரைப்பரிச்சையோட நிறுத்திப்போடலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

"ஏனுங்க?"

"அவளுக்கே இஷ்டமில்லீங்க."

கதவுக்குப் பின்னால் லோகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். அறுபது வீட்டில் எழுதிய அதே பதிலைத் தன் அப்பா வாயிலிருந்தே கேட்டாள். முந்தின நாள் அவள் வீடு வந்து சேர்ந்தபோது ஏழு மணி ஆகியிருந்தது என்பதும், நஞ்சுண்டன் டார்ச்சோடு பாதி வழி வந்து எதிர்கொண்டார் என்பதும் ஞானாபரணத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் தெரிந்தது.

அரைப்பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிள்ளைகள் கிளை மேலாளரிடம் நேரம் வாங்கினார்கள். பெரியவர் ஒருவர் உடன் வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். ஜோவிதா டீச்சருக்கு அன்று வகுப்பு. "நீங்க வாங்க, ஆனா…" என்று அருள்குமார் இழுத்தான். "வாரேனுங்க. வாயத் தொறக்கமாட்டனுங்க" என்று பதினாறு வயதுப் பையனிடம் ஞானாபரணம் வாக்குக் கொடுத்தார்.

மேலாளர் அறையில் எதிரே ஒரே ஒரு நாற்காலி. "வாங்க, உக்காருங்க" என்று அவரை உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகள் சுவரோரம் நிற்க, "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று அவரிடமே கேட்டார். ஞானாபரணம் பிள்ளைகளைக் கைகாட்டினார். லோகப்பிரியா நோட்டைத் திறந்து ஆரம்பித்தாள். இரண்டு வரி முடிவதற்குள் மேலாளர் மறுபடியும் அவரைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க சொன்னதும் நிறுத்தச் சொல்லிட்டேனே?" என்றார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது ஞானாபரணத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவை.  எழுந்தார், தோள் துண்டால் நாற்காலியைத் தட்டினார், "உக்காரு அம்மணி" என்று லோகப்பிரியாவை அதில் உட்காரவைத்துவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஜன்னல் திறந்திருந்தது. இப்போது மேலாளருக்கு எதிரே இருந்த முகம் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் அவர் பேசவேண்டியிருந்தது.

"மூணு நாள் நின்னுச்சே பாப்பா?"

"நின்னுச்சுங்க. அந்த மூணு நாளும் வண்டி எத்தனை மணிக்கு பொள்ளாச்சி ஸ்டேண்டுக்குத் திரும்புச்சுன்னு டைம் கீப்பர் நோட்டுல பாருங்க சார். நாங்க போய்ப் பாத்துப்போட்டுத்தான் வந்தோம். ஒரு நாள் கூட லேட் இல்லீங்க. எங்கள ஏத்தாத நாள்லயும் அதே நேரம், ஏத்துன நாள்லயும் அதே நேரமுங்க."

வராந்தாவில் ஞானாபரணம் தூணைப் பிடித்துக்கொண்டார். தான் கெடுத்துவிட்டதாக நினைத்து மூன்று வாரமாக மனசுக்குள் அழுதுகொண்டிருந்த அந்த மூன்று நாளையே இந்தப் பிள்ளைகள் எடுத்து, தேய்த்து, சாட்சியாக நிறுத்திவிட்டார்கள். அவர் வாங்கித் தந்த சலுகையை விட அவர்கள் தேடிய கணக்கு பெரிதாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்கக் கொடுத்துவைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஆண்டவருக்கும் அந்தத் தூணுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

மேலாளர் டைம் கீப்பர் நோட்டை வரவழைத்துப் பார்த்தார். தேதி தேதியாக விரலை ஓட்டினார். பிறகு, பள்ளி வாசலை முறையான நிறுத்தமாகச் சேர்த்து எல்லா டிரைவர்களுக்கும் உத்தரவு எழுதி, அதில் ஒரு நகலை லோகப்பிரியா பெயருக்கே கொடுத்தார். எந்த டிரைவர் வந்தாலும் இனி நிறுத்தியாகவேண்டும்.

உத்தரவு அமலுக்கு வந்த திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் திருவிழாக் கூட்டம். நான்கு மணியிலிருந்தே பிள்ளைகள் நின்றார்கள். ஞானாபரணம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோதுதான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற நஞ்சுண்டனைப் பார்த்தார். பஸ் நிற்காவிட்டால் மகளை அழைத்துப் போக வந்திருக்கிறார். கேட்டால், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்பார். ஞானாபரணம் கேட்கவில்லை.

ஐந்து இருபத்திரண்டுக்குப் பஸ் வந்தது. நின்றது. டிரைவர் யாரோ புது ஆள். சின்ன வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டு, கடைசியாக லோகப்பிரியா படியில் கால் வைத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிச் சைக்கிளைக் கடந்து போனது.

நஞ்சுண்டன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். சாமி முன்னால் தவிர அவர் அவிழ்த்து யாரும் பார்த்திராத உருமாலைத் தலையிலிருந்து மெல்ல அவிழ்த்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பஸ் திருப்பத்தில் மறைகிறவரை வெறுந்தலையோடு நின்றார்.