வாளிப் பியரும் பாலப்பமும்

நானும் நண்பன் சுதனும் கராஜில் ஒரு பெரிய வாளியில் சேர்ந்து காய்ச்சிய முதல் பியரை இன்று திறந்தோம்.

ஒரு மிடறு குடித்த சுதன், "மச்சான், இதை ஆருக்கும் குடுத்திடாதை" என்றான்.

பக்கத்து வீட்டு டேனிஷ்காரர், "வித்தியாசமாக இருக்கிறது" என்று சொல்லிக் கிளாசை மெல்லக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி பாலப்பத்தோடு வந்தாள். அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு வேண்டும்; டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் கள்ளுக்கு எங்கே போவது? எங்கள் வாளியிலிருந்து ஒரு குவளை பியரை நேற்றே அள்ளி, மாவில் விட்டுப் புளிக்க வைத்திருக்கிறாள். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. டேனிஷ்காரர் தட்டை விட்டு நகரவில்லை.

"இஞ்சருங்கோ, மிச்சத்தை ஊத்திப்போடாதேங்கோ. ஞாயிறு சேர்ச்சிலை பூசை முடிய எல்லாருக்கும் அப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

பூசைக்கு வருகிறவர்களே, அப்பம் எப்படி இவ்வளவு மெத்தென்று வந்தது என்று பாதர் கேட்டால் நான் என்ன சொல்ல?