சூடில்லாத நோய்

சூளைக் கதவுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டியபடி நிற்கிறார் மாணிக்கவேல். உள்ளே பீங்கான் பொம்மைகள் வெந்து ஆறிக்கொண்டிருக்கின்றன. "இன்னும் ரெண்டு மணி நேரம் போவட்டும். இப்பத் தொறந்தா அத்தினியும் வெடிப்பு வுட்டுரும்" என்கிறார். சூட்டைக் காட்டும் கருவி சுவரில் இருக்கிறது. அதை முதலாளிதான் பார்ப்பார். மாணிக்கவேலுடையது விருத்தாசலத்துச் சூளைகளில் முப்பது வருடம் பழகிய கை; பெரும்பாலும் சரியாகவே சொல்லும்.

அதே கையைத்தான் தெருவில் எல்லார் நெற்றியிலும் வைப்பார். கொதித்தால் போதும், போட்ட சட்டையோடு ஆளைத் தன் மொபெட்டில் ஏற்றிவிடுவார். பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த மச்சினன் டெங்குவில் பிழைத்ததே இவர் அவசரத்தால்தான். பத்தே நாளில் எழுந்து கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டான். நோய் என்றால் வரும், ஆட்டி வைக்கும், போய்விடும். மாணிக்கவேலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மனைவி அம்புஜவல்லிக்குப் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தலைசுற்றல் நின்றது. இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்; குளுகுளுவென்று இருந்தது. "காச்ச வுட்டா மாத்திரைய வுடறதில்லயா? நல்லாத்தான இருக்கற" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்படியே ஏழு வருடம் ஓடியது. கால் வீங்கியபோதும் நெற்றியைத்தான் தொட்டார், பாவி மனுஷன்.

கவனிக்காமல் விட்ட பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது; இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். காய்ச்சல்போல வந்து போகிற நோய் வேறு, ஓசைப்படாமல் வந்து கடைசிவரை கூடவே இருக்கிற நோய் வேறு, இதற்கு நன்றாக இருக்கும்போதும் மாத்திரை போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சூடு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க" என்றார் மாணிக்கவேல்.

அம்புஜவல்லி அவரைக் குறை சொன்னதே இல்லை. தனக்கும் மாத்திரை முழுங்க அலுப்பாகத்தான் இருந்தது என்பாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சிறுநீரகம் ஓய்ந்துவிட்டதால் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான் அவளுக்கு. சித்திரை வெயிலில் உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சூளையிலிருந்து வருகிறவருக்கோ ஒரு குடம் தண்ணீரும் போதாது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டின் பின்பக்கம் போகிறார். குழாயைச் சத்தம் வராத அளவுக்குத் திறந்து, குனிந்து, கையில் ஏந்திக் குடிக்கிறார். பிறகு வாயில் ஈரம் தெரியாமல் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்.