வெங்காயத் தாள் சாய்ந்தபோது

இருபத்திரண்டு வருடமாக அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, மாடியின் எண்ணைச் சொல்வார்கள். ஊருக்கே அவர் லிப்ட்காரர்தான். சண்டை வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் சொன்னபடி நடக்கிற இடம் ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே பத்தடிக்கு நாலடி. அதில் சின்ன வெங்காயம், ஓரமாக இரண்டு வரிசை பூண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கைப்பிடி வெங்காயத்தில் தொடங்கியவர், ஒவ்வொரு முறையும் நல்லதாகப் பொறுக்கி வைத்து அதையே மறுபடி நட்டு வந்தார். அந்த விதை வேறெங்கும் இல்லை, இருந்ததெல்லாம் மண்ணுக்குள்தான்.

மகள் களைக்கொத்தைத் தொட்டால் போதும். "கையை எடு. போய்ப் படி. இந்தச் சேறெல்லாம் என்னோட போகட்டும்" என்பார். அவளும் படித்தாள். குடும்பத்தின் முதல் பட்டம், தாவரவியலில்.

குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெங்காயம் முற்றுகிற சமயம். "பின்னாடி ஒரு கண்ணு வச்சுக்க" என்று மகளிடம் சொன்னதோடு சரி.

திரும்பி வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே பின்பக்கம் போனார். மண் நொளநொளவென்று கிடந்தது. ஒரு கொத்தைப் பிடுங்கினார். கூழாக விரலில் ஒட்டி நாறியது. அடுத்ததும் அப்படியே.

"தாளெல்லாம் வாடிச் சாஞ்சிருச்சுப்பா. அதான் காலையும் சாயங்காலமும் விடாம தண்ணி ஊத்தினேன்" என்றாள் மகள்.

தாள் சாய்ந்தால் வெங்காயம் முற்றிவிட்டது, தண்ணீரை நிறுத்த வேண்டும். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"செடி கொடி படிச்சவளாச்சே, இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரலையாடி?" என்றாள் மனைவி.

"வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்கேன்மா. தோட்டத்துல பார்க்கத்தான் யாரும் விடல."

லிப்ட்காரருக்குச் சுருக்கென்றது. தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கக் குந்தி, அழுகாதது ஒன்றாவது தேறுமா என்று துழாவினார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து சேற்றுக்குள் கையை விட்டாள். அவளிடம் ஏதோ சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தார்.

"கையை எடு" என்றுதான் வந்தது.

அவள் எடுத்துக்கொண்டாள். துவைக்கிற கல்லடியில் வெகுநேரம் கை கழுவினாள்.