போன வருடத்துப் பெயர்

ஒன்பது வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். "டாக்டர் எப்ப வருவார்?" என்ற கேள்விக்கு நாளுக்கு நூறு முறை முகம் சுளிக்காமல் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். அந்தப் பொறுமை மேல்தான் நாத்தனாருக்குக் கண். நாத்தனார் வெளிநாட்டில் ஒரு கடற்கரை ஓட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள்.

"சீசன் ஆறு மாசம்தான். உன் வாய்க்கு ரிசப்ஷன்தான் சரி," என்றாள் போனில்.

கணவர் இரண்டு நாள் யோசித்தார். "நானும் பாப்பாவும் சமாளிச்சுக்குவோம். போயிட்டு வா."

போய்ச் சேர்ந்த அன்றே சீருடை கொடுத்தார்கள். நீலக் கோட்டு, தோள் கொஞ்சம் தொளதொள. மார்பில் குத்தியிருந்த பேட்ஜில் வேறு யார் பெயரோ இருந்தது.

"போன வருஷம் இருந்த பொண்ணோடது. உங்க பேர்ல வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதையே குத்திக்கங்க," என்றார் மேனேஜர்.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. எந்த அறைக் குழாய் ஒழுகும், எந்தக் கதவு இழுத்தால்தான் சாத்தும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் தலையும் தானாகத் திரும்பியது.

ஒரு நாள் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் குனிந்து பேட்ஜைப் படித்தார். அவருக்கு முகம் மறந்திருந்தது, பெயர் மறக்கவில்லை.

"நீங்கதானே போன வருஷம் லிஃப்ட் பக்கத்து ரூமைக் கொடுத்தீங்க? ஒரு வாரம் கண்ணை மூடல நான்!"

வரிசையில் இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள். "மன்னிச்சிடுங்க சார். இந்தத் தடவை கடைசி ரூம், சத்தமே வராது," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். செய்யாத தப்புக்கு வாங்கிக் கட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை.

அடுத்த வாரம் அதே பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. தபால்காரர் பேட்ஜைப் பார்த்து அவளிடமே நீட்டினார். அவள் அதைப் பிரிக்காமல் மேனேஜரிடம் போனாள்.

"இந்தப் பொண்ணு இப்ப எங்க சார்?"

"தெரியாது. நல்ல கூட்ட நேரத்துல தங்கச்சி கல்யாணம்னு லீவு கேட்டா. இந்த வருஷம் கூப்பிடல."

நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. "அவளா? பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல மருந்துக் கடையில நிக்கிறா. நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணுதான்."

வார விடுமுறையன்று போய், பேட்ஜ் கதையைச் சொல்லிப் பார்சலைக் கொடுத்தாள். உள்ளே ஒரு கம்பளிச் சால்வையும் கடிதமும் இருந்தன.

"ஓ, நானூத்திப் பன்னெண்டாம் ரூம் அம்மா!" என்றாள் அந்தப் பெண், கடிதத்தைப் படித்துவிட்டு. "அந்தம்மாவோட வீட்டுக்காரர் பாத்ரூம்ல விழுந்துட்டாருக்கா. ஆம்புலன்ஸ்ல நான்தான் கூடப் போனேன். பொழைச்சிட்டாராம்." பிறகு தயங்கிக் கேட்டாள்: "என்னைத் திட்டிக்கிட்டு யாராவது வந்தாங்களா?"

"லிஃப்ட் ரூம்காரர் வந்தார். உனக்கும் சேர்த்து நான் வாங்கிக்கிட்டேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் மாத்திரை வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை அவள் பேட்ஜைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்தாள்.

"என் பேர்ல வர்ற வரைக்கும் வெறும் கோட்டோட நிக்கிறேன் சார்."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பேர் கேப்பாங்க. சொல்றேன்."

நான்காம் நாள் புதியது வந்துவிட்டது. அதில் ஓர் எழுத்து தப்பு. போகட்டும் என்று குத்திக்கொண்டாள்.

சீசன் முடிந்து வீடு திரும்பியபோது மருத்துவமனையில் அவள் நாற்காலிக்கு வேறு ஆள் வந்திருந்தது. கண் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். அடுத்த சீசனுக்கு மேனேஜரே கூப்பிட்டார். ஒரு வாரம் யோசித்து, வரவில்லை என்றாள். இன்னொரு முறை நாற்காலியைப் பறிகொடுக்க அவளுக்கு மனமில்லை. நாத்தனாருக்குத்தான் வருத்தம். அங்கே தங்கும் அறையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் போயிற்று.